பல கணினிகளை ஓரிடத்திருந்து ஆளும் கருவியும் அதன் பழுது நீக்கும் முறையும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, எதைப்பற்றி எழுதுவது என்று சிறிது நேரம் மயங்கினோம். சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் எழுதுதற்கு இக்கல்லூரியின் மைந்தருள் அறிஞர் பலர் உளர். யாமோ பல்லாண்டுகளாகக் கணினி அறைகளிலே காலங் கழித்தோம். ஆகவே, எம் கைக்குப் பழகிய பொருளொன்றையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம். அஃது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி; அதன் இருபுறத்தும் வால்கள் போலச் சில கம்பிகள். பெருங் கணினிகளின் நடுவே அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், நள்ளிரவிலே ஒரு கணினி நின்றுபோய், அதனை எழுப்ப வேண்டிய வேளையில் அச்சிறு பெட்டியும் ஒத்துழையாவிடின், அதன் அருமை அப்பொழுதே புலனாகும். இத்துறையிற் புகவிருக்கும் மாணவர்க்கு இக்கட்டுரை ஒரு சிறிதேனும் பயன்படுமாயின் எமது முயற்சி வீண்போகாது.

கருவியின் இயல்பு

வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம் முதலிய இடங்களிலுள்ள சேவையகக் கணினிகள் தனியறையொன்றில் உருக்குச் சட்டங்களிலே அடுக்கப்பட்டிருக்கும். சட்டத்தின் அகலம் 19 அங்குலம். உயரம் ‘யூ’ என்னும் அலகால் அளக்கப்படும்; ஒரு யூ என்பது 1.75 அங்குலம். 42 யூ உயரமுள்ள ஒரு சட்டத்திலே, ஒரு யூ உயரங்கொண்ட கணினிகள் முப்பதுக்கு மேலும் இடங்கொள்ளும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விசைப்பலகையும் திரையும் சுட்டியும் வைப்பதாயின் இடமும் போதாது; பணமும் போதாது. ஆதலால், ஒரு விசைப்பலகையும் ஒரு திரையும் ஒரு சுட்டியும் மட்டும் வைத்து, வேண்டிய கணினியோடு வேண்டிய வேளையில் அவற்றைப் பொருத்தும் ஆளி ஒன்று அமைக்கப்பட்டது. இதனைக் கே.வி.எம். ஆளி என்பர். விசைப்பலகை, காட்சி, சுட்டி என்னும் மூன்றன் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களே கே, வி, எம் என்பன.

முற்காலத்து ஆளிகளில் ஒவ்வொரு கணினிக்கும் மூன்று தடித்த வடங்கள் செல்லும். பதினாறு கணினிகளாயின் நாற்பத்தெட்டு வடங்கள். சட்டத்தின் பின்புறம் ஆலம் விழுதுகள் போலத் தோன்றும், காற்றோட்டமும் தடைப்படும். பின்னர், கணினி வலையமைப்புக்குப் பயன்படும் மெல்லிய முறுக்கிய சோடி வடமே இதற்கும் போதும் எனக் கண்டனர். அவ்வடத்துக்கும் கணினிக்கும் இடையில் நின்று, இரண்டையும் இணக்குவதே யாம் மேலே கூறிய சிறு பெட்டி. இதனை அடப்டர் என்றும், இணைப்பி என்றும் கூறுவர். ஒரு கணினிக்கு ஓர் இணைப்பி வேண்டும்.

இணைப்பி செய்யும் தொழில்

பழுது நீக்கப் புகுவோன் முதலில் அறிய வேண்டியது, பழுதில்லாதபொழுது கருவி என்ன செய்கின்றது என்பதே. இணைப்பியின் தொழில் மூன்று.

முதலாவது, காட்சியைக் கடத்துதல். ஐ.பி.எம். கம்பனி 1987ஆம் ஆண்டில் தனது பி.எஸ்.2 என்னும் கணினிகளோடு வி.ஜி.ஏ. என்னும் காட்சி முறையையும் வெளியிட்டது. அம்முறையிலே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் மூன்று தனிக் கம்பிகளிற் செல்லும். முறுக்கிய சோடி வடத்திலோ நான்கு சோடிகள் உள. பெரும்பாலான அமைப்புக்களில் மூன்று சோடிகள் மூன்று நிறங்களைச் சுமக்க, நான்காவது சோடி விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் செய்திகளைச் சுமக்கும்.

இரண்டாவது, விசைப்பலகையும் சுட்டியும் எப்பொழுதும் உடனிருப்பதாகக் கணினியை நம்பச் செய்தல். பழைய கணினிகள் மின்னூட்டியவுடன் விசைப்பலகை உண்டா எனச் சோதிக்கும். இல்லையெனிற் பிழை கூறி நின்றுவிடும். விசைப்பலகை இல்லை, தொடர்வதற்கு இன்ன விசையை அழுத்துக என்று அவை கேட்டமை இத்தொழிலாரிடையே பழைய நகைச்சுவை. உண்மை விசைப்பலகை வேறொரு கணினியோடு பொருந்தியிருக்கும்போதும், இணைப்பி இங்கே அதன் பிரதிநிதியாய் நின்று விடையளிக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பனியின் பழைய வேலைநிலையங்களில் இத்தொழில் இன்னும் இன்றியமையாதது. அவற்றில் விசைப்பலகையைக் கழற்றினாலே கணினி முழுவதும் தன் வேலையை நிறுத்திக் கட்டளைக்குக் காத்து நிற்கும்.

மூன்றாவது, திரையின் அடையாளத்தை எடுத்துரைத்தல். திரை ஒவ்வொன்றும் தனக்கு இயன்ற அளவுகளைக் குறித்த ஒரு சிறு பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கும். அதன் அடிப்படைப் பகுதி 128 பைற்று. கணினி அதனைப் படித்தே எவ்வளவு பெரிய படத்தை அனுப்புவது எனத் தீர்மானிக்கும். இப்பட்டியல் கிடைக்காவிடின், கணினி மிகச் சிறிய படத்தை அனுப்பும். அன்றேல் ஒன்றுமே அனுப்பாது.

இம்மூன்று தொழிலுக்கும் வேண்டிய மின்னைப் பெரும்பாலும் கணினியின் துறையிலிருந்தே இணைப்பி பெறுகின்றது. முன்னாளில் பி.எஸ்.2 துறையும், 1996இல் வெளிவந்த யூ.எஸ்.பி. முறை பரவிய பின்னர் அத்துறையும் இதற்கு உதவின. இரண்டும் 5 வோல்ற்று மின்னையே தருவன.

முதல் விதி: எத்தனை கணினிகளுக்குப் பழுது?

இனிப் பழுது நீக்கும் முறையைக் கூறுவாம். நல்ல வைத்தியன் நோயாளியைக் கண்டவுடன் மருந்தை எடுப்பதில்லை; கேள்விகளையே கேட்பான். இங்கும் முதற் கேள்வி ஒன்றே: பழுது ஒரு கணினியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா?

எல்லாக் கணினிகளிலும் காட்சி இல்லையெனின், குறை பொதுவான இடத்திலே உண்டு. திரை, விசைப்பலகை, ஆளி, ஆளிக்கு மின் தரும் கம்பி என்பவற்றையே பார்த்தல் வேண்டும். ஒரு கணினியில் மட்டுமாயின், ஆளியின் அத்துறை, வடம், இணைப்பி, கணினி என்னும் நான்கனுள் ஒன்றிற் குறை உண்டு. இவ்வொரு கேள்வியாலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். இதனைக் கேளாது, எடுத்தவுடன் இணைப்பியை மாற்றுவோர் பலர். அவர்கள் அரை நாள் உழைத்த பின்னர், திரையின் மின்செருகி தளர்ந்திருந்ததைக் காண்பர்.

இரண்டாவது விதி, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல். முதலிற் கேடு குறைந்ததை மாற்றுக. வடத்தை மாற்றிப் பார்க்க. அதனால் தீராவிடின் முன்னைய வடத்தையே மீண்டும் பொருத்தி, ஆளியின் வேறொரு துறையிற் செருகிப் பார்க்க. அதுவும் பயன்தராவிடின் நன்றாய் இயங்கும் வேறோர் இணைப்பியைக் கொண்டு சோதிக்க. பழுது எப்பொருளைப் பின்தொடர்ந்து செல்கின்றதோ அப்பொருளே குற்றவாளி. இரண்டை ஒருங்கே மாற்றினால், பழுது தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது விளங்காது. இணைப்பியை மாற்றியும் பழுது கணினியோடு நிற்குமாயின், ஒரு திரையையும் விசைப்பலகையையும் நேரே அக்கணினியில் மாட்டிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் திரை இருண்டே இருக்குமாயின், இணைப்பியை நோவதிற் பயனில்லை.

மூன்றாவது விதி, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைத்தல். இவ்விதியின் அருமையைப் பின்னர்க் கூறுவாம்.

பழுதின் குறிகளும் காரணங்களும்

திரை இருளடைதல். இணைப்பியில் ஒரு சிறு விளக்கு உண்டு. அஃது எரியாவிடின் மின் வரவில்லை. யூ.எஸ்.பி. துறையை வேறாக மாற்றிப் பார்க்க. பழைய முறைத் துறையொன்று 500 மில்லி அம்பியர் மின்னோட்டத்தையே தரக்கடவது. அதனைப் பல கருவிகள் பங்கிட்டால் இணைப்பிக்குப் போதாது. விளக்கு எரிந்தும் காட்சி இல்லையெனின், கணினி தொடங்கிய வேளையில் இணைப்பி பொருத்தப்பட்டிருந்ததா என ஆராய்க. தொடங்கும்போது திரையின் அடையாளப் பட்டியல் கிடையாமையால், சில கணினிகள் காட்சித் துறையையே மூடிவிடும். இணைப்பியைப் பொருத்திய பின், தகுந்த நேரம் பார்த்துக் கணினியை மீளத் தொடங்கினால் காட்சி தோன்றும்.

இணைப்பி உறைந்துபோதல். சிலவேளை இணைப்பியின் உள்ளிருக்கும் நுண்செயலி மயங்கி நின்றுவிடும். அதற்கு மருந்து, மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்தலே. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. கணினியை நிறுத்தினாலும், மின்வடம் செருகப்பட்டிருக்கும்வரை பல கணினிகளின் யூ.எஸ்.பி. துறையில் 5 வோல்ற்று இருந்துகொண்டே இருக்கும். ஆகவே கணினியை நிறுத்தித் தொடங்கினும் இணைப்பி துயில் நீங்காது. இணைப்பியின் செருகியையே கழற்றிச் சிறிது பொறுத்து மாட்டுதல் வேண்டும். இதற்காகக் கணினியை நிறுத்த வேண்டியதில்லை. பழைய பி.எஸ்.2 இணைப்பி மட்டும் இதற்கு விலக்கு. இயங்கும் கணினியில் அதனைக் கழற்றி மாட்டுதல் அம்முறைக்கு விதிக்கப்பட்டதன்று. மாட்டினாலும், மீளத் தொடங்கும்வரை கணினி அதனைக் காணாதிருத்தல் கூடும்.

நிறங்கள் பிரிந்து தோன்றுதல். எழுத்தின் ஓரத்தில் சிவப்பு அல்லது நீலச் சாயல் தெரிந்தால், வடத்தின் நீளத்தையும் தரத்தையும் பார்க்க. வடத்திலுள்ள நான்கு சோடிகளும் ஒரே அளவாக முறுக்கப்பட்டவை அல்ல. ஒன்றன் செய்தி மற்றொன்றில் கலவாதிருக்க வேண்டுமென்றே வெவ்வேறு அளவில் முறுக்குவர். அதனால் ஒரு சோடியின் செம்பு மற்றொன்றினும் நீளமாய் இருக்கும். மூன்று நிறங்களும் ஒரே வேளையில் வந்து சேரா. 5ஈ வகை வடத்தில் 100 மீற்றருக்கு 45 நனோ செக்கன் வரை வேறுபாடு அனுமதிக்கப்பட்டுள்ளது. 30 மீற்றர் வடத்தில் அது 13.5 நனோ செக்கன் வரை ஆகலாம். 1280க்கு 1024 புள்ளிகள் கொண்ட திரைக்குச் செக்கனுக்கு 10 கோடியே 80 இலட்சம் புள்ளிகள் என்னும் வேகத்தில் செய்தி செல்லும். ஒரு புள்ளிக்குரிய நேரம் ஏறத்தாழ 9.3 நனோ செக்கனே. எனவே ஒரு நிறம் ஒன்றரைப் புள்ளி தள்ளி விழுதல் இயல்பு. வடத்தைக் குறுக்குதல், திரையின் புள்ளித் தொகையைக் குறைத்தல், ஆளியில் இதற்கென அமைந்த சீராக்கம் உண்டாயின் அதனைத் திருத்துதல் ஆகிய மூன்றுமே பரிகாரம். வலையமைப்புக்கு இதே வடம் நன்றாய் உழைக்கின்றதே என்று வாதிடுவதிற் பயனில்லை. அங்கே செல்வது எண்களாக்கிய செய்தி, இங்கே செல்வது ஒத்திசைந்து வர வேண்டிய அலை.

விசைப்பலகை ஏவல் கேளாமை. இயங்குதளம் தொடங்கிய பின் விசைப்பலகை வேலை செய்து, அதற்கு முன்னுள்ள அமைப்புத் திரையில் மட்டும் வேலை செய்யாவிடின், கணினியின் அடிப்படை அமைப்பிலே பழைய யூ.எஸ்.பி. ஆதரவு முடக்கப்பட்டிருக்கின்றதா எனப் பார்க்க. எழுத்துக்கள் யாவும் பெரிய எழுத்தாகவோ கட்டளைகளாகவோ மாறினால், கொன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் விசை அழுத்தியபடி இருக்கையில் ஆளி வேறு கணினிக்கு மாறியிருக்கும்; விசையை விட்ட செய்தி முன்னைய கணினிக்குப் போய்ச் சேர்ந்திராது. அக்கணினிக்குத் திரும்பி, அவ்விசைகளை ஒருமுறை அழுத்தி விட்டால் தீரும்.

பி.எஸ்.2 செருகியை யூ.எஸ்.பி. துறைக்கு மாற்றும் சிறு செருகிகளிலும் ஏமாற்றம் உண்டு. உள்ளே ஒன்றுமில்லாது கம்பிகளை மட்டும் இணைக்கும் செருகி, இரு மொழியும் அறிந்த விசைப்பலகைக்கே உதவும். பிறவற்றுக்கு, உள்ளே மொழிபெயர்க்கும் நுண்சில்லுக் கொண்ட மாற்றியே வேண்டும். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே போலிருக்கும்.

சுட்டி தள்ளிப்போதல். தொலைவிலிருந்து வலையமைப்பு வழியே ஆளும் முறையில், எமது சுட்டி ஓரிடத்தும் கணினியின் சுட்டி வேறோரிடத்தும் நிற்கும். சுட்டி அசைந்த தூரத்தை மட்டும் அனுப்பும் முறையில், கணினி அதனைத் தன் விருப்பப்படி விரைவுபடுத்துவதே காரணம். விண்டோஸ் இயங்குதளத்தில் சுட்டியின் துல்லியத்தை மிகுவிக்கும் தெரிவை நீக்கினால் குறையும். யூ.எஸ்.பி. இணைப்பியில், அசைவைக் கூறாது இடத்தையே கூறும் முறையைத் தெரிந்தால் முற்றுந் தீரும்.

இன்னுமோர் எச்சரிக்கை. ஆளியின் துறையும் வலையமைப்பின் துறையும் ஒரே ஆர்.ஜே. 45 வடிவின. வடிவம் ஒத்தலின் ஒன்றை மற்றொன்றிற் செருகுவோர் உளர். செய்தி போகாதது மட்டுமன்று. வலையமைப்புக் கருவி வடத்தின் வழியே மின் அனுப்பும் வகையினதாயின் இணைப்பியே கெடவுங் கூடும். இவ்விரு வடங்களுக்கும் வெவ்வேறு நிறம் வகுத்துக்கொள்வது நன்று.

எமது தவறு

எழுதிவைத்தல் என்னும் மூன்றாம் விதியை யாம் கற்ற வரலாறு பெருமைக்குரியதன்று. ஆயினும் மாணவர் பொருட்டு அதனை மறைக்காது கூறுகின்றோம்.

யாம் பணிபுரிந்த ஓரிடத்தில் இரு கணினிகள் அருகருகே இருந்தன. ஒன்று விண்டோஸ் இயங்குதளத்தது. மற்றையது லினக்ஸ் இயங்குதளத்தது. முன்னதன் காட்சி அடிக்கடி விட்டுவிட்டு வந்தது. யாம் விதிப்படியே சோதித்தோம். இரண்டன் இணைப்பிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றினோம். பழுது இணைப்பியோடு செல்லவில்லை. பின்னர் வடமே குற்றவாளி எனக் கண்டு புது வடம் இட்டோம். காட்சி தெளிந்தது. மகிழ்ச்சியோடு வீடு சென்றோம். மாற்றிய இணைப்பிகளை மீண்டும் உரிய இடத்தில் வைக்க மறந்தோம், எழுதியும் வைக்கவில்லை.

அவ்வமைப்பில் கணினியின் பெயர் இணைப்பியினுள்ளே பதியப்பட்டிருக்கும். வடத்தை எத்துறைக்கு மாற்றினும் பெயர் மாறாதிருத்தல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தாலே அவ்வாறு செய்துளர். ஆனால், இணைப்பி இடம் மாறினால் பெயரும் அதனோடு போய்விடும். ஆளியின் பட்டியலில் விண்டோஸ் கணினியின் பெயர் இப்பொழுது லினக்ஸ் கணினியைக் குறித்து நின்றது.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, விண்டோஸ் கணினியில் ஒரு சிறு வேலைக்காக அதன் பெயரைத் தெரிந்தோம். திரை இருண்டிருந்தது. நெடுநேரம் ஒருவரும் தொடாமையால் திரை அணைந்திருக்கின்றது என எண்ணி, விண்டோஸில் புகுவதற்கு வழக்கமாக அழுத்தும் கொன்ட்ரோல், ஓல்ட், டிலீற் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினோம். லினக்ஸ் கணினியின் எழுத்துத் திரையில் அம்மூன்று விசைகளுக்கும் பொருள் வேறு. கணினியை மீளத் தொடங்குக என்பதே அது. அவ்வேளை அக்கணினியிலே மாதாந்தச் சம்பளக் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

கணக்கு நடுவே அறுந்தது. மறுநாள் விடியும்வரை இருந்து, முந்தின நாட் பிரதியை மீட்டு, தொடக்கத்திலிருந்து கணக்கை ஓட்டினோம். சம்பளம் ஒருநாள் பிந்தியது. சிற்றூழியர் ஒருவர் வந்து, பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்துக்கு அன்றே தவணை முடிவு என்று கூறியபோது எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. கருவி பழுதுபடவில்லை, ஒவ்வொரு கருவியும் தனக்கு விதித்ததைச் சரியாகவே செய்தது. பழுது எம்முடையதே.

அன்றுமுதல் யாம் கைக்கொள்ளும் வழக்கங்கள் நான்கு. இருண்ட திரையை எழுப்ப ஷிஃப்ட் விசையையன்றி வேறெதனையும் அழுத்துவதில்லை. அது தனியே எக்கேடும் செய்யாது. ஆளியின் பட்டியலிலுள்ள பெயரும் கணினியின் திரையிலே தோன்றும் பெயரும் ஒன்றா எனப் பாராது ஒரு கட்டளையும் இடுவதில்லை. இணைப்பி, வடம், கணினி மூன்றிலும் ஒரே பெயரை ஒட்டிவைக்கின்றோம். லினக்ஸ் கணினிகளில் அம்மூன்று விசைக் கட்டளையை முடக்கிவைக்கின்றோம்.

இக்காலத்து நிலை

இன்று வாங்கும் சேவையகக் கணினிகள் பலவற்றின் உள்ளேயே, தொலைவிலிருந்து ஆளுதற்கென ஒரு தனிச் சிறுகணினி அமைந்துள்ளது. இதற்கான ஐ.பி.எம்.ஐ. என்னும் பொது விதிமுறை 1998இல் வெளிவந்தது. அதனால் இணைப்பிகளின் தேவை முன்னையினும் குறைந்துள்ளது. ஆயினும் வலையமைப்பே வீழ்ந்தபோதும், அச்சிறுகணினி மறுமொழி தராதபோதும், பல கம்பனிகளின் பழைய கணினிகள் கலந்துள்ள அறைகளிலும், நேரே நின்று பார்க்கும் விசைப்பலகையும் திரையுமே இறுதித் துணை. இறுதித் துணையாயிருப்பது வேண்டும் வேளையிற் கைவிடலாகாது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும், ஆளியின் பட்டியலிலுள்ள ஒவ்வொரு கணினியையும் தெரிந்து, காட்சி வருகின்றதா, பெயர் பொருந்துகின்றதா எனச் சோதித்து வைத்தல் அறிவுடைமை. நல்ல நிலையிலுள்ள இணைப்பி ஒன்றையும் வடமொன்றையும் அறையிலே எப்பொழுதும் வைத்திருத்தல் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நல்லதொன்று இல்லாவிடின் தீயதை அறிதல் அரிது.

நிற்க. இக்கல்லூரியின் விஞ்ஞான ஆய்கூடத்தில், பரிசோதனை முடிந்ததும் கருவிகளை எடுத்த இடத்தில் வைத்து, கண்டதைக் கண்டவாறே குறிப்பேட்டில் எழுதிய பின்னரே வெளியே செல்ல வேண்டும் என்று ஆசிரியர்கள் எமக்குக் கற்பித்தனர். அதனைச் சிறுபிள்ளைகளுக்கான ஒழுங்கு என்றே அன்று எண்ணினோம். பல்லாண்டுகளின் பின், ஒரு சம்பள இரவிலே அதன் பொருள் விளங்கிற்று. இன்று அதே ஆய்கூடத்தில் நிற்கும் மாணவர்கள் அவ்வளவு காலந் தாழ்த்தாது அதனை உணர்வார்களாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.